சாவியில்லாப் பேழை

கோபன்ஹேகனின் டேவிட் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிறிய பித்தளைப் பேழைக்குச் சாவி கிடையாது. மூடிமேல் எழுத்து பொறித்த நான்கு வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டிலும் இரண்டு தெரிவுகள், ஒவ்வொரு தெரிவுக்கும் 16 நிலைகள். எட்டையும் சேர்த்துப் பெருக்கினால் 429 கோடிக்கு மேல் வரும். அவற்றுள் சரியான ஒன்று அமைந்தால்தான் மூடி திறக்கும். ஹிஜ்ரி 597இல், அதாவது 1200-01இல், இதைச் செய்தவர் முகம்மது இப்னு ஹாமித் அல்-அஸ்துர்லாபி அல்-இஸ்ஃபஹானி. அந்தப் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அஸ்துர்லாபி என்றால் ஆஸ்ட்ரோலாப் செய்பவர். விண்மீனின் உயரத்தை அளந்து நேரம் காண உதவும் வட்டக் கருவி அது. எழுத்துப் பூட்டைப் பூட்டுத் தொழிலின் பிள்ளையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். என் கணிப்பில், இந்தப் பேழையைப் பொறுத்தவரை அது வானியல் கருவிப் பட்டறையின் பிள்ளை.

அஸ்துர்லாபி என்பது பரம்பரைப் பட்டமாக மட்டும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் பெயரை ஒதுக்கிவிட்டு வேலைப்பாட்டைப் பாருங்கள். வட்டத்தைச் சம பாகமாகப் பிரித்தல், விளிம்பில் எழுத்துப் பொறித்தல், ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் சுழலும் தகடுகளைப் பொருத்துதல் ஆகிய மூன்றும் ஆஸ்ட்ரோலாப் செய்பவரின் அன்றாட வேலை. எழுத்தை அளவாகப் படிப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. தமிழில் க ஒன்று, உ இரண்டு ஆவதுபோல், அரபியின் அப்ஜத் முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்; ஆஸ்ட்ரோலாபின் பாகைக் கோடுகளுக்கு அந்த எழுத்துகளையே இட்டார்கள். இஸ்ஃபஹானின் கைத்திறனுக்கு வேறு சான்றும் உண்டு. 1221-22இல் அங்கே முகம்மது இப்னு அபி பக்ர் செய்த ஆஸ்ட்ரோலாபின் முதுகில், பற்சக்கரங்களால் இயங்கும் நாட்காட்டி இருக்கிறது. அது இன்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது.

இன்னொரு சான்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடைக்கிறது. இன்றைய துருக்கியின் தியார்பகிரில் அர்துகித் அரசர்களிடம் பணிசெய்த அல்-ஜஸரி, 1206இல் முடித்த தம் பொறிநூலில் எழுத்துகளால் பூட்டும் பெட்டி ஒன்றை விளக்குகிறார். நீர்க்கடிகாரங்களும் நீர் இறைக்கும் பொறிகளும் நிறைந்த நூல் அது. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு ஊர்களில் இது தோன்றுவதால், தனியொருவரின் திடீர்க் கற்பனை என்று கொள்வதைவிட, கருவி செய்வோரிடையே புழங்கிய அறிவு என்று கொள்வதே பொருத்தம்.

ஏதென்ஸின் கெராமெய்கோஸ் இடுகாட்டில், ரோமானியக் காலத்துச் சிறு பெட்டியொன்றின் வட்டுப் பூட்டு கிடைத்திருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன், முதலிடம் இஸ்ஃபஹானுக்கு இல்லை. ஆனால் முந்தியது யார் என்பது ஒரு கேள்வி, எந்தப் பட்டறையில் அது வேரூன்றியது என்பது வேறு. இத்தனை கோடிச் சேர்க்கை எதற்கு, சுத்தியலால் ஓங்கி அடித்தால் மூடி நசுங்கிவிடாதா என்றும் கேட்கலாம். நசுங்கும். ஆனால் நசுங்கிய மூடி உடையவரிடம் உண்மையைச் சொல்லிவிடும். சாவியைத் திருடித் திறந்து, மீண்டும் பூட்டி வைத்தவரையோ எதுவும் காட்டிக்கொடுக்காது. வீட்டுக்குள் நடமாடுபவரிடமிருந்து கடிதத்தையோ மணியையோ காக்க விரும்பியவருக்கு அந்த வேறுபாடு பெரிது.