அஞ்சேல் என்று சொன்ன ஊர்

ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் எனத் தானத்தை நான்காக வகுப்பது நம் அறமரபு. இவற்றுள் முதல் மூன்றும் ஒரு பொருளையோ கல்வியையோ எடுத்துக் கொடுப்பதால் நிகழ்வன. நான்காவதற்குக் கொடுபொருள் என ஒன்றில்லை. அஞ்சி நிற்கும் உயிருக்கு அஞ்சேல் என உறுதி கூறி, அவ்வுறுதியைக் காப்பாற்றுவதே அபய தானம். பொருட்செலவு இல்லாத இத்தானம் மற்ற மூன்றினும் கடினமானது. ஒரு நாளில் கொடுத்து முடித்துவிட இயலாதது. கொடுத்தவர் தம் வாழ்நாள் முழுதும் காத்து நிற்க வேண்டியது.

அறச்செயல்களின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மன்னர்களையும் அமைச்சர்களையுமே தேடிச் செல்கின்றனர். ஊர்களைப் பள்ளிச்சந்தமாக விட்டவர்களும் மண்டபங்கள் எடுத்தவர்களும் போற்றத்தக்கவர்களே. ஆயினும் செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டாரத்தில் வேறு வகையான இரு சான்றுகள் உள்ளன. ஒன்று கல்லில் எழுதப்பட்டது. மற்றொன்று ஓர் ஊராரின் வழக்கத்தில் வாழ்வது.

முதலாவது, ஒரத்திக்கு அருகிலுள்ள ஆனந்தமங்கலத்தில் இருக்கிறது. அங்குப் பாறையில் தீர்த்தங்கரர், இயக்கியர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மதுரை கொண்ட பரகேசரியாகிய முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945-இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டும் உண்டு. வினபாசுர குரவடிகளின் மாணாக்கரான வர்த்தமானப் பெரியடிகள், ஜினகிரிப்பள்ளியில் நாள்தோறும் ஓர் அடிகளுக்கு உணவளிப்பதற்காக 5 கழஞ்சு பொன் கொடுத்தார் என்பதே அதன் செய்தி. நூறு பேருக்கு விருந்தன்று. ஒருவருக்கு ஒருவேளை உணவு. ஆனால் அது நாள்தோறும் தவறாமல் நடைபெற வேண்டும் என்பதே கொடுத்தவரின் கருத்து. சிறிய அறத்தையும் கல்லில் வெட்டிக் காக்கத்தக்கதாக அக்காலத்தார் கருதினர்.

இதற்கு எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், இதே வட்டாரத்து உழவர்கள் செய்த அபய தானமே இரண்டாவது சான்று. அவ்வூர் வேடந்தாங்கல். தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் இன்றும் அதனைக் காணலாம். வேடர்களின் தாங்கல் என்று பெயர் பெற்ற ஓரிடம், வேட்டையே கூடாத இடமாக மாறியது ஊராரின் செயலால்தான்.

ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அச்சிற்றேரியில் நீர்க்கடம்ப மரங்கள் நீருள் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்கின்றன. கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளை வளர்த்து, கோடை முதிருமுன் திரும்பிச் செல்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது. கம்பெனிப் படைவீரர்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். துப்பாக்கி ஏந்திய ஆட்சியாளரின் படையை எதிர்த்து ஊரார் கலகம் செய்யவில்லை. கண்டும் காணாதவராய் இருந்துவிடவும் இல்லை. அப்போதைய மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸிடம் சென்று முறையிட்டனர். மதுராந்தகம் ஏரி காத்த இராமர் கோயிலின் வரலாற்றில் பேசப்படும் அதே பிளேஸ்தான் இவர். அவர் 1798-இல் ஊராருக்குக் கவுல் எனப்படும் உறுதிச்சீட்டினை வழங்கினார். பறவைகளை எவரும் சுடலாகாது எனத் தடுக்கும் உரிமை அதனால் ஊராருக்குக் கிடைத்தது.

உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872-இல் அமைந்தது. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அவற்றுக்கு முறையே 74, 174 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிற்றூர் மக்கள் பறவைகளுக்காக அரசிடம் எழுத்து வாங்கியிருந்தனர். அந்த உழவர்களின் பெயர்கள் வரலாற்றில் பரவலாக அறியப்படவில்லை. சீட்டினை அளித்த ஆட்சியரின் பெயரே எங்கும் பேசப்படுகிறது.

ஒருமுறை பெற்றதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் ஏரி பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1962-இல் வனச் சட்டத்தின் பாதுகாப்பும், 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதிக்குச் சரணாலயத் தகுதியும் கிடைத்தன. 2022-இல் அருகிலுள்ள கரிக்கிலியோடு வேடந்தாங்கலும் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

சட்டங்கள் இவ்வாறு வளர்ந்தனவெனினும் அன்றாடக் காவல் ஊராரின் சிறு செயல்களிலேயே இருக்கிறது. பறவைகள் வந்து தங்கும் காலத்தில் அவர்கள் பேரொலி எழுப்புவதில்லை. தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. இதன் காரணம் எளியது. திடீர் ஓசை கேட்டுத் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் பருந்துக்கும் இரையாகும். ஒரு சரவெடியின் சில நொடி மகிழ்ச்சிக்குப் பல கூடுகள் விலையாகிவிடும். வெடி கேட்டு அழும் தம் குழந்தைக்கு இதனை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லும் தாய்மாரே அவ்வூரின் உண்மையான காவலர்.

உழவர்கள் தம் நலம் கருதித்தானே இவ்வாறு செய்தனர், இதனைக் கருணை என்பது பொருந்துமா என ஒருவர் வினவக்கூடும். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயலுக்கு நல்ல உரமாகிறது என்பது உண்மையே. ஊராரும் அதனை மறைப்பதில்லை. ஆனால் பயன் ஒன்றே காரணமாயின், கம்பெனிப் படையினர்மேல் குறைகூறும் துணிவு அவர்களுக்கு எவ்வாறு வந்தது? மூட்டை மூட்டையாக இரசாயன உரம் கடையில் கிடைக்கும் இக்காலத்திலும் அவர்கள் வெடி வெடியாதிருப்பது ஏன்? மேலும், பயன் கலந்த அன்பு தாழ்ந்தது எனக் கொள்ள நமக்கு இடமில்லை. உயிர்களுக்கிடையே நிகழும் பரஸ்பர உபகாரத்தைத் தத்துவார்த்த சூத்திரம் எடுத்துரைப்பதை நாம் அறிவோம். பறவை வயலுக்கு உதவுகிறது. உழவர் பறவைக்கு உதவுகிறார். அந்த உறவை உணர்ந்து பாதுகாத்ததே அவர்களின் பெருமை.

இல்லறத்தார்க்கு உரிய கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை ஆகிய ஐந்தினையும் அணுவிரதம் என்கிறோம். துறவியரின் மகாவிரதத்தை நோக்க இவை சிறியன என்பதால் அப்பெயர். வேடந்தாங்கல் மக்கள் ஜின சமயத்தினர் அல்லர். எனினும் சிராவகர் ஒருவர் கொல்லாமை அணுவிரதத்தை எவ்வாறு நாள்தோறும் கைக்கொள்ள வேண்டுமோ, அவ்வாறே அவர்கள் தம் ஊர் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வருகின்றனர். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். அடிபட்ட பறவைக்கு மருந்திடும் அந்த ஔடத தானமும், பறவை அடிபடாமல் காக்கும் இந்த அபய தானமும் ஒரே அறத்தின் இரு கிளைகளாகும்.

இக்காவல் இனி எந்நாளும் நிலைக்கும் என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. 2020-இல், அந்த 5 கிலோமீட்டர் எல்லையின் புறப்பகுதிக்குரிய சரணாலயத் தகுதியைக் குறைக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தது. பறவை ஆர்வலரும் பொதுமக்களும் வலுவாக எதிர்த்தனர். பறவை கூடு கட்டுவது ஏரியில். இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் நீர்நிலைகளிலும். சுற்றுப்புறம் கெட்டால் ஏரி மட்டும் பறவைகளைக் காப்பாற்றாது. 1798-இல் வாங்கிய சீட்டினை 1858-இல் மீண்டும் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது போலவே, ஒவ்வொரு தலைமுறையும் அபயத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இதனினின்று கொள்ளத்தக்க கடமைகள் மூன்று உள. ஆனந்தமங்கலத்துக்கு வழிபடச் செல்வோர் தம் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கும் அழைத்துச் சென்று, அவ்வூராரின் வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். தீபாவளி, பகவான் மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய திருநாள். விளக்கேற்றி வழிபட வேண்டிய அந்நாளில் நம் இல்லங்களில் வெடியோசை எழாதிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, நம் ஊர்களில் ஓசையின்றி நல்லறம் செய்வோரைக் கண்டு குறித்து வைத்தல் வேண்டும். கோயில் குளத்தைத் துப்புரவு செய்பவர், நோயாளியின் வீட்டுக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டு செல்பவர், கோடையில் பறவைக்கு நீர் வைப்பவர் ஆகியோரின் பெயர்கள் அறக்கட்டளையின் ஏட்டில் இடம்பெறட்டும். ஓர் அடிகளுக்கு அளித்த உணவை ஆயிரம் ஆண்டு கடந்தும் நாம் அறிவது, அன்று ஒருவர் அதனை எழுதி வைத்ததனால் அன்றோ?

எவ்வுயிரும் இன்புறுக. ஜின தருமம் ஓங்குக.