கரணமும் கடவுச்சீட்டும்

பிரிவு நம் அக இலக்கியத்தின் பெருந்தளம். பொருள் தேடியும் வேந்தன் பொருட்டும் ஓதற்கும் தலைவன் பிரிகிறான். தலைவி இல்லத்தில் ஆற்றியிருக்கிறாள். கடல் கடந்து செல்லும் செலவில் பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லையென்று தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுத்தும் வைத்தது. அதே நூலின் கற்பியலில் மற்றொரு செய்தியும் உண்டு. காதலர் தாம் கூறியதை மறுப்பதும், கொடுத்த வாக்கில் வழுவுவதும் உலகில் தோன்றிய பிறகே மூத்தோர் மணச்சடங்கை, அதாவது கரணத்தை, வகுத்தனர் என்பது அது. ஆகவே, சடங்கு என்பதே நம்பிக்கை குறைந்த இடத்தில் முளைத்த ஒரு சான்று. ஊரறிய நடந்தது, ஆகையால் மறுக்க இயலாது என்பதே அதன் பொருள்.

ஊர் அறிந்தது போதும் என்ற நிலை நீராவிக் கப்பல்களின் காலத்தில் மாறியது. கடலின் மறுகரையில் இருக்கும் அதிகாரி நம் ஊரை அறியாதவர். கரணத்துக்கே வேறொரு சான்று வேண்டும் என்கிறார். இன்று ‘துணைவர் விசா’ எனப் பெயர் பெற்றுவிட்ட அந்தக் கேள்வியின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அதில் தென்னாப்பிரிக்காவையும் பிரிட்டனையும் சார்ந்த இரண்டு அத்தியாயங்களை இங்கே சற்று விரிவாக நோக்குவோம். இந்நூறாண்டில் அரசுகள் முதலில் சடங்கை ஐயுற்றன, பிறகு உடலை, பிறகு உள்ளத்தை, இறுதியில் பணப்பையை எண்ணத் தொடங்கின.

*

ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்காலம் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் குஜராத்தி வணிகரும் அந்நிலத்தில் வேரூன்றினர். அவர்களுடைய திருமணங்கள் அவரவர் சமய முறைப்படி நடந்தன. தென்னாப்பிரிக்காவில் நிலையாகக் குடியேறி வாழ்ந்த ஓர் இந்தியர் ஊருக்குச் சென்று தம் மனைவியை அழைத்துவருவது பெரும்பாலும் நடைமுறையில் ஏற்கப்பட்டு வந்தது.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி மால்கம் சியர்ல் அளித்த ஒரு தீர்ப்பு இந்நடைமுறையைக் குலைத்தது. ஹசன் ஈசாப் என்பவர் தாம் முஸ்லிம் முறைப்படி மணந்த பாய் மரியத்தை அழைத்துவந்தார். குடியேற்ற அதிகாரிகள் அவரை நாட்டினுள் விட மறுத்தனர். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. அவருக்கு வேறு மனைவி உண்டா என்பது அங்கே முதன்மையாகவில்லை. பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் சடங்குப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது என்று நீதிபதி முடிவு செய்தார். சட்டத்தில் இருந்த ‘மனைவி’ என்ற சொல் பாய் மரியத்தைக் குறிக்காது என்றாயிற்று.

ஒரு பெண்ணைப் பற்றிய வழக்கு ஆயிரக்கணக்கானோரின் இல்லங்களுக்குள் புகுந்துவிட்டது. கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவு செய்யப்படாத இந்து, முஸ்லிம், பார்சித் திருமணங்கள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாதவை ஆகிவிட்டன என்றும், மனைவியர் வைப்பாட்டியர் நிலைக்குத் தாழ்த்தப்பட்டனர் என்றும் காந்தி தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக நூலில் எழுதுகிறார். மனைவி என்ற நிலை போனால் உடன்வாழும் உரிமை போகும். பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்துக்குள்ளாகும். சட்டத்தைத் திருத்தும்படி காந்தி அரசைக் கேட்டார். அரசு இணங்கவில்லை.

அதுவரை சத்தியாக்கிரகத்தில் பெண்களைச் சிறைக்கு அனுப்பாதிருந்த காந்தி, இப்போது அவர்களை அழைத்தார். பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூர்பா உள்ளிட்ட குழுவினர் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். 1913 செப்டம்பர் 23 அன்று அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புடைய பதினொரு பெண்கள் எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் சென்றனர். ஏறத்தாழ அனைவரும் தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தையோடு இருந்தவர்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, அங்கிருந்த இந்தியத் தொழிலாளரிடம் வேலைநிறுத்தம் செய்யும்படி பேசினர். ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாதோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய மூன்று பவுன் வரியால் நொந்திருந்த தொழிலாளர்கள் செவிசாய்த்தனர். அக்டோபரில் அப்பெண்களும் சிறை சென்றனர். நவம்பர் 6 அன்று ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்த நெடும்பயணத்துக்கு வித்திட்டவர்கள் இப்பெண்களே.

டிசம்பரில் சிறை சென்றவர்களுள் ஒருவர் வள்ளியம்மை. பெற்றோரின் பூர்வீகம் தில்லையாடி, பிறந்தது ஜோகானஸ்பர்க்கில். சிறையில் கண்ட காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். வயது பதினாறு. நம்மவர் நினைவில் வள்ளியம்மை விடுதலைப் போராட்டத் தியாகியாக நிலைபெற்றிருக்கிறார். அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று ‘எம் திருமணம் திருமணமே’ என்பதை அரசு ஏற்கவேண்டும் என்பது, என்னும் செய்தி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. வள்ளியம்மைக்கு மணமாகியிருக்கவில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். தம் தாயின் மணத்துக்காகவும் தம் போன்றோரின் வருங்காலத்துக்காகவும் அச்சிறுமி சிறை புகுந்தார் எனலாம்.

1914இல் இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. இந்தியச் சமய குருமாரைத் திருமண அலுவலராக நியமிக்கவும் வழி செய்தது. ஓர் ஆணுக்கு ஒரு மனைவியும் அவர்வழிப் பிள்ளைகளும் நாட்டினுள் வர உரிமை பெற்றனர். அந்த ‘ஒரு’ என்ற எண்ணில் சமரசம் இருக்கிறது. எந்த மனைவி என்பதை ஆண் தீர்மானிக்க, எஞ்சியவர் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டார். வெற்றிகளின் கணக்கில் இத்தகைய பெண்களுக்குப் பத்தி ஒதுக்கப்படுவதில்லை.

சடங்கை ஐயுற்றது வெள்ளையர் நீதிமன்றம் மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. 1928இலிருந்து தமிழகத்தில் பரவிய சுயமரியாதைத் திருமணங்கள் இந்துச் சட்டப்படி செல்லா என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. புரோகிதரும் வேள்வியும் இல்லாத அம்மணங்களுக்கு, முன்பு நடந்தவை உட்பட, சட்ட ஏற்பு தருவதற்கு 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் தேவைப்பட்டது. தாம் பழகாத கரணத்தைக் கரணம் அன்று எனக் கொள்வது அதிகாரத்தின் பொது இயல்பு போலும்.

*

இரண்டாம் அத்தியாயத்தின் களம் பிரிட்டன். போருக்குப்பின் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆள் தேவைப்பட்டபோது காமன்வெல்த் நாட்டினர் தடையின்றி வந்தனர். 1962இன் சட்டம் அவ்வாயிலைக் குறுக்கியது. வந்தவர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை எஞ்சியிருந்தது. ஆயினும் 1969ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் புறப்படுமுன் தம் நாட்டிலேயே நுழைவுச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. உரிமை தாளில் இருந்தது. அதைப் பெறுவதற்கான வரிசை துணைக்கண்டத்து பிரிட்டிஷ் அலுவலகங்களின் வாசலில் நீண்டது. நேர்காணலில் கணவனையும் மனைவியையும் தனித்தனியே வினவி, விடைகளில் முரண் தேடினர். பிறந்த தேதியே எழுதி வைக்கப்படாத சிற்றூர்களிலிருந்து வந்தவர்களுக்குச் சிறு முரண் ஒன்று ஆண்டுக்கணக்கான பிரிவாக முடிந்தது.

மனைவிக்குச் சான்றிதழ் வேண்டும். மணந்துகொள்ள வரும் மணப்பெண்ணுக்கோ அக்காலத்தில் முன்கூட்டிய விசா தேவையில்லை. இந்த வேறுபாடே ஒரு கொடுமைக்கு வாயிலாயிற்று. 1979 ஜனவரி 24 அன்று, மணம் செய்துகொள்ளும் பொருட்டு லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, ஏற்கெனவே மணமானவராக இருக்கக்கூடும் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். மருத்துவர் ஒருவரைக்கொண்டு அவருடைய கன்னிமையைப் பரிசோதித்தனர். மணமாகாத இந்தியப் பெண் கன்னியாகவே இருந்தாகவேண்டும் என்ற கருத்து அப்பரிசோதனைக்கு அடிப்படை. நம்மவர் பெண்மீது சுமத்தும் கற்பு அளவுகோலை அயலார் அலுவலகக் கருவியாக்கிக்கொண்டனர் என்பதைத் தமிழ் படித்தோர் சற்று நின்று எண்ணவேண்டும்.

பிப்ரவரித் தொடக்கத்தில் ‘கார்டியன்’ நாளேடு செய்தியை வெளியிட்டது. கண்டனங்கள் எழ, வழக்கம் நிறுத்தப்பட்டது. அரிதாக நடந்ததென்றே அப்போது கூறப்பட்டது. மரினெல்லா மார்மோ, எவன் ஸ்மித் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகக் கோப்புகளை ஆராய்ந்து, குறைந்தது 80 பெண்கள் இத்தகைய சோதனைக்கு உள்ளாயினர் என்று 2011இல் வெளிக்கொணர்ந்தனர். துணைக்கண்டத்து விண்ணப்ப அலுவலகங்களிலேயே அது நடந்திருந்தது. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த மரபணுச் சோதனை, முதன்முதலாக ஒரு குடியேற்ற வழக்கில்தான் தாய்–மகன் உறவை நிறுவியது. தாய்மைக்கு அறிவியல் சான்று தர இயலும். மனைவி என்பதற்கு உடலில் எந்தச் சான்றும் இல்லை. இல்லாத இடத்தில் தேடியதே 1979இன் அவலம்.

உடலுக்குப் பிறகு உள்ளத்தின் முறை. ஆண்கள் தம் மனைவியரை அழைப்பதைவிட, பெண்கள் தம் கணவரை அழைப்பதைப் பிரிட்டிஷ் விதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தின. பெண் கணவனைப் பின்தொடர்வாள் என்னும் பழைய கருத்தும், வரும் ஆண் வேலையைப் பறிப்பான் என்னும் அச்சமும் அதன் பின்னே இருந்தன. அப்துல்அஸீஸ், கபாலிஸ், பல்கந்தலி என்னும் மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், இது பால்வேற்றுமை காட்டுவது என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே 28 அன்று தீர்ப்பளித்தது. அரசு எவ்வாறு சமன் செய்தது தெரியுமா? கணவருக்கு இருந்த தடைகளைத் தளர்த்துவதற்கு மாறாக, அவற்றை மனைவியருக்கும் நீட்டியது. சமத்துவம் கிடைத்தது; இருபாலாருக்கும் கதவு சமமாக இறுகியது.

அத்தடைகளுள் தலையாயது ‘முதன்மை நோக்க விதி’. தம் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது அன்று என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்கவேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென்று நிறுவுவது எவருக்கு எளிது? மணமகள் கணவன் இல்லம் புகுவதே துணைக்கண்ட வழக்கமாயிருக்க, மணமகன் மணமகளின் நாட்டுக்கு வருவதே ஐயத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பிரிந்திருந்த காலத்தில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அன்பின் சான்றாக நீதிமன்றங்களில் வைக்கப்பட்டன. ஒருவர்க்கென எழுதிய கடிதத்தை மூன்றாமவர் படித்து, இதில் அன்பு மெய்யானதா என்று மதிப்பிடுகிறார். நம் அகத்திணை மரபு தலைவன் தலைவியின் இயற்பெயரையும் சுட்டலாகாது என்று காத்த மறைவு, இங்கே கோப்பெண் பெற்று அடுக்கில் ஏறியது. 1997இல் தொழிற்கட்சி அரசு அவ்விதியை நீக்கியது.

*

ஐயம் நீங்கிவிடவில்லை, இடம் பெயர்ந்தது. 2010 நவம்பர் முதல் துணைவர் புறப்படுமுன்னே ஆங்கிலத் தேர்வில் தேறவேண்டும் என்றாயிற்று. 2012 ஜூலை 9 முதல், துணைவரை அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுனாவது இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று குறைகூறியபோதும், வருமான வரம்பைக் கொள்கையளவில் ஏற்றது. 2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அவ்வரம்பு 29,000 பவுன் ஆயிற்று. பொருள் தேடப் பிரிந்தவன் போதிய பொருள் தேடி முடிக்கும்வரை பிரிவு தொடரவேண்டும் என்பது பாலைத்திணை வகுத்தோர்க்கும் தோன்றாத விதி.

போலித் திருமணங்கள் இல்லையென்று நாம் வாதிட வரவில்லை. பணத்துக்காக நடக்கும் மணங்களும், வெளிநாட்டு மாப்பிள்ளை என நம்பிக் கைவிடப்பட்ட பெண்களும் நம் கண்முன்னரே உண்டு. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 2006இல் அறிவுறுத்தியதும், தமிழகம் 2009இல் அதற்கெனச் சட்டம் இயற்றியதும் பெண்களுக்குக் காப்பாக அமைந்தவையே. சான்று கேட்பதில் குற்றமில்லை. கரணமே அவ்வாறு பிறந்ததுதான்.

எனினும், எவரிடம் சான்று கேட்கப்படுகிறது, எதைக் கேட்கின்றனர் என்பவற்றில்தான் நீதி இருக்கிறது. நம்மிடம் பயின்று, மணமாகி, கணவர் இருக்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவியர் சிலரின் கோப்புகளைப் பார்த்திருக்கிறோம். தாலி கட்டும் படம், வரவேற்பில் உறவினர் சூழ்ந்த படம், தொலைபேசி உரையாடல் பட்டியல், வங்கிக் கணக்கு. சான்றுக்காகவே சில படங்கள் எடுக்கப்படுகின்றன. செல்வந்தர் நாட்டுக் கடவுச்சீட்டு உடைய இருவர் மணந்துகொண்டால் எவரும் அவர்களின் அன்புக்குப் பட்டியல் கேட்பதில்லை.

1913இல் நியூகாசிலுக்குச் சென்ற அப்பதினொருவர் தம் மணத்தை மெய்ப்பிக்க எந்தத் தாளையும் எடுத்துச் செல்லவில்லை. எம் சொல்லை நம்பு என்று அரசிடம் கேட்டனர். நம்பாத அரசின் சிறைக்குச் சென்று அதை நம்பவைத்தனர். 80 பெண்களின் கோப்புகளோ முப்பதாண்டுகள் காப்பகத்தில் வாய்மூடிக் கிடந்தன. வரலாற்றைப் பயில்வோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தே படிக்கவேண்டும்.