பொத்தான் போட ஒரு கை



முதலாம் ஆண்டு வகுப்பில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளைகளுக்கு நான் போட்டுவிடுவதுண்டு. ஓரிரு மாதங்களில் அவர்களே கற்றுக்கொள்வர். போர்க்களத்தில் இரு கைகளையும் இழந்தவருக்கோ அவ்வுதவி ஆயுள் முழுதும் தேவை. அவ்வுதவிக்கென ஓய்வூதியம் வழங்கிய வரலாறு அமெரிக்காவில் உண்டு.

அங்கே உள்நாட்டுப் போர் மூண்ட மறு ஆண்டே, 1862இல், ஊனமுற்ற வீரர்களுக்கான ஓய்வூதியச் சட்டம் பிறந்தது. உழைக்கும் ஆற்றலை முற்றும் இழந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். லெப்டினன்ட் கர்னலுக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும் 30 டாலர். காயம் ஒன்றே, பதவிதான் வேறு!

1864இல் இரு கண்களையோ இரு கைகளையோ இழந்தோருக்கு 25 டாலர் என்றும், இரு கால்களை இழந்தோருக்கு 20 டாலர் என்றும் விதித்தனர். உறுப்புக்கு விலை குறித்தது போன்ற கணக்கு அது. 1866ஆம் ஆண்டுச் சட்டமே என்னைக் கவர்ந்தது. உறுப்புகளை எண்ணுவதோடு நில்லாமல், இன்னொருவரின் உதவியும் கவனிப்பும் இடையறாது தேவைப்படும் நிலையையே அது ஓர் அளவுகோலாக்கியது. 25 டாலராக இருந்த அத்தொகை 1872இல் 31.25, 1874இல் 50, 1880இல் 72 டாலர் என வளர்ந்தது.

இவ்விடத்தில் ஜேம்ஸ் டேனரைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1862இல் போரில் இரு கால்களையும் இழந்தவர். பின்னர்ச் சுருக்கெழுத்துக் கற்றவர். 1865இல் லிங்கன் சுடப்பட்ட இரவில் சாட்சிகளின் வாக்குமூலங்களை எழுதியவர் இவரே. 1889இல் ஓய்வூதிய ஆணையரானார். அளவுக்கு மீறி வாரி வழங்குகிறார் என்ற கண்டனத்தால் சில மாதங்களிலேயே பதவி விலகினார்.

இன்று இது ‘சிறப்பு மாத இழப்பீடு’ எனப்படுகிறது. உடுத்தல், உண்ணல், தூய்மை பேணல், இயற்கைக் கடன் கழித்தல் ஆகியவற்றைத் தாமே செய்ய இயலுமா என்று அதிகாரிகள் ஆராய்கின்றனர். உதவுபவர் உறவினராக இருப்பது தடையன்று. ஆயினும் பணம் வீரர் பெயரில்தான் வரும். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் விழித்திருக்கும் மனைவியைச் சட்டம் நெடுங்காலம் ‘இன்னொருவர்’ என்ற ஒரு சொல்லில் அடக்கி வைத்தது.

2010இல்தான், 2001 செப்டம்பர் 11க்குப் பின் கடுங்காயமுற்றோரைப் பேணும் குடும்பத்தாருக்கு நேரடி மாத உதவித்தொகை வழங்கச் சட்டம் வந்தது. முந்தைய போர்களின் வீரர் குடும்பங்களுக்கும் அதனை விரிவாக்கும் சட்டம் 2018இல் நிறைவேறி, 2020இலும் 2022இலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. வியட்நாம் போர் வீரர்களின் மனைவியர் பலருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது.