கறுப்பின் துணிச்சலும் கணக்கும்



நம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்களில் செஸ் போர்டைத் தொடாதவர்கள் குறைவு. தொட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு சங்கடம், கறுப்புக் காய் கிடைப்பது. முதல் நகர்த்தல் வெள்ளைக்கு. கறுப்பு பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு குறுக்கு வழி தேடுவார்கள். எடுத்த எடுப்பிலேயே ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எதிராளியின் ராஜாவை நோக்கிப் பாய்வது! இந்த வகை ஆட்டம் உறுதியானதா, வெறும் வேடிக்கையா? சதுரங்க வரலாற்றில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அதில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கும் பெரிய பங்கு உண்டு.

ஜெயித்தால் போதுமா?

முதலில் விடுதிகளில் செல்லுபடியாகும் சரக்கு ஒன்றைப் பார்ப்போம். பெயர் இங்லண்ட் காம்பிட். வெள்ளை ராணி முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், கறுப்பு தன் ராஜா முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிப் பலி கொடுக்கும். நாலு நகர்த்தலுக்குள் கறுப்பு ராணி வந்து செக் சொல்லும், அடுத்து பி2-வில் உள்ள சிப்பாயை அடிக்கும். வெள்ளை அவசரப்பட்டு பிஷப்பை சி3-ல் வைத்தால் ஆட்டம் காலி. ஆனால் பிஷப்புக்குப் பதில் குதிரையை அங்கே கொண்டுவந்தால்? கறுப்பு ராணி தப்பிக்க வழி தேடி அலையும், வெள்ளைக்குப் பெரிய லாபம். அதாவது எதிராளி தப்பு செய்தால்தான் இந்த ஆட்டம் பலிக்கும். பத்துப் பேரை இதில் ஜெயித்திருந்தாலும், ஓப்பனிங் உறுதியாகிவிடாது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் மார்ஷல் அட்டாக். 1918-ல் நியூயார்க்கில் அமெரிக்கரான பிராங்க் மார்ஷல், கபாபிளாங்காவுக்கு எதிராகக் கறுப்பில் ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துத் தாக்கினார். கபாபிளாங்கா பலகையிலேயே யோசித்து, அடியைத் தாங்கி நின்று ஜெயித்துவிட்டார். இத்தோடு ஒழிந்தது என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. பின்னால் வந்தவர்கள் அதை அலசி, சிப்பாய் போனாலும் கறுப்புக்கு அதற்குச் சமமான பலன் உண்டு என்று காட்டினார்கள். இன்றைக்குப் பெரிய கிராண்ட்மாஸ்டர்களே வெள்ளையில் அந்தப் பாதைக்குள் போகாமல் ஒதுங்குவது சகஜம்.

தோற்ற ஆட்டம் நிலைத்தது, ஜெயிக்கிற ஆட்டம் ஓட்டை! பாலத்தின் மேல் ஒரு லாரி போய்விட்டது என்பதற்காக யாரும் அதற்குச் சான்றிதழ் தருவதில்லை. தாங்க வேண்டிய அதிகபட்சச் சுமையை ஏற்றிப் பார்க்க வேண்டும். எதிராளியின் மிகச் சிறந்த பதில்தான் இங்கே அந்தச் சுமை.

பான் நகரில் நடந்தது

2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். உலக சாம்பியன் பட்டத்துக்காக விசுவநாதன் ஆனந்தும் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதினார்கள். கிராம்னிக்கின் கோட்டையை உடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் இரண்டு ஆட்டங்கள் டிரா.

மூன்றாவது ஆட்டத்தில் கறுப்பில் ஆடிய ஆனந்த், மெரான் தற்காப்பில் மிகக் காரமான ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தார். 14-வது நகர்த்தலில் பிஷப்பை பி7-ல் வைத்தார். அது வீட்டில் தன் குழுவோடு தயாரித்து வந்த புது நகர்த்தல். பி5 சிப்பாயைக் காப்பாற்றவில்லை, எடுத்துக்கோ என்று விட்டுவிட்டார். எடுத்தபின் எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் காய்கள் சமம்தான். ஆனால் கறுப்பு ராஜா காஸ்லிங் செய்யாமல் நடுவில் நிற்கிறது, அதன் முன்னால் உள்ள சிப்பாய்கள் சிதறிக் கிடக்கின்றன. வெள்ளைக்கோ ராணிப் பக்கம் இரண்டு சிப்பாய்கள் தடையில்லாமல் ஓடத் தயார். இத்தனைக்கும் ஈடாகக் கறுப்புக்குக் கிடைத்தது, யானைக்குத் திறந்த ஒரு வழியும், வெள்ளை ராஜாவைக் குறிபார்க்கும் பிஷப்பும்தான்.

கிராம்னிக் 41 நகர்த்தல்களில் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் ஆனந்த் அதே கிளைக்கு மறுபடியும் போனார். கிராம்னிக்கும் துணிந்து வந்தார். 29-வது நகர்த்தலில் டி4 சிப்பாயை அவர் அடிக்க, 34-வதில் ஆனந்தின் குதிரை இ3-ல் பாய்ந்து தன்னையே பலி கொடுத்தது. அடுத்த நகர்த்தலோடு கிராம்னிக் சரணடைந்தார், ஓடிவரும் சிப்பாயை அவரால் நிறுத்த முடியவில்லை. முடிவில் ஆறரைக்கு நாலரை என்று பட்டம் ஆனந்திடமே இருந்தது.

நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. அந்தப் போட்டியில் ஆனந்த் மூன்றாவது தடவை அதை ஆடவில்லை. எட்டாவது ஆட்டத்தில் கறுப்பில் வேறு ஓப்பனிங்குக்குப் போய்விட்டார். ரகசியம் வெளியே வந்துவிட்டால் எதிராளியும் வீட்டில் உட்கார்ந்து அலசுவார் அல்லவா?

பழையது கைகொடுத்தது

அதே மெரானில் இன்னொரு அற்புதம் 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ ஊரில் நடந்தது. ஆரோனியனுக்கு எதிராகக் கறுப்பில் ஆனந்த் முதலில் பிஷப்பை, அடுத்து குதிரையை நடுப்பலகையில் நீட்டி, ஒரு யானையையும் விட்டுக்கொடுத்து, 23 நகர்த்தலில் முடித்துவிட்டார். 2012-ல் கெல்ஃபாண்டுடன் மோதத் தயாரித்த சரக்கு அது. பார்த்தவர்களுக்கு 1907-ல் ரோட்லேவியை ரூபின்ஸ்டைன் கறுப்பில் வீழ்த்திய ஆட்டம் ஞாபகம் வந்தது. மெரான் என்ற பெயரே, 1924-ல் அந்த ஊரில் இதே ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டத்தால் வந்ததுதான்!

மாந்தோப்புக் கணக்கு

நம் நத்தம் பக்கம் மாந்தோப்புக் குத்தகை பேசுகிறவர்கள் பூவைப் பார்த்தே பணத்தைக் கட்டுவார்கள். எவ்வளவு பூ நிற்கும், எவ்வளவு உதிரும் என்று தெரிந்தவர் கட்டினால் வியாபாரம், தெரியாதவர் கட்டினால் சூதாட்டம். கறுப்பின் பலியும் அப்படித்தான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்குக் கம்ப்யூட்டர் நொடியில் பதில் சொல்லிவிடுகிறது. 2024-ல் நம் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்த தலைமுறை நீங்கள். தைரியமாகக் காயைக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முன்னால் பலகையைத் திருப்பி, எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய மிகச் சிறந்த பதிலைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் ஆட்டம் நின்றால், அதுதான் உறுதி. வேலைக்குப் போன பிறகு ஒரு டிசைனில் கையெழுத்துப் போடும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.