சுண்ணாம்புக் கம்பமும் கம்போங் காப்பூரும்: சிங்கப்பூர்ப் போயானியர் வழியே இந்தோனீசியத் தேசிய அடையாளம்

டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது முகப்பிலுள்ள சூரிய வடிவம். அதில் 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர். 1907இல் தொடங்கி 1927இல் கட்டி முடித்த அந்தக் கட்டடம் 1979இல் தேசிய நினைவுச் சின்னமானது. என் அக்கறை அதற்கு முன்பு அங்கே இருந்த மரப் பள்ளிவாசலைப் பற்றியது. 1859இல் எழுந்த அதில் தொழ வந்தவர்கள் இரு திறத்தார்: தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள், பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலில் வேலை பார்த்த, பாவியான் தீவிலிருந்து வந்த போயானியக் குதிரைக்காரர்கள். அந்தத் திடலின் நினைவு இன்று ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற தெருப் பெயரில் மிஞ்சியிருக்கிறது. வட்டாரத்தின் பழம்பெயரும் இரண்டு நாவில் புழங்கியது. சுண்ணாம்புத் தொழில் நடந்த இடம் என்பதால் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றார்கள். மலாய்ப் பேச்சில் ‘கம்போங் காப்பூர்’. காப்பூர் என்றாலும் சுண்ணாம்புதான். கம்போங்தான் தமிழர் வாயில் கம்பமானது.

இன்று அந்த இடம் லிட்டில் இந்தியா. 1989 ஜூலையில் அது பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கம்போங் கிளாமும் அப்போதே அறிவிக்கப்பட்டது. இந்தியருக்கு ஒரு வட்டாரம், மலாய்க்காரருக்கு ஒரு வட்டாரம் என்று மரபுடைமை வரைபடம் பிரிந்துகொண்டதில், லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்தில் குதிரை தேய்த்து வாழ்ந்த போயானியர் இரண்டிலும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த மறைவைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. இந்தோனீசியத் தேசிய அடையாளத்தைக் கடலுக்கு அப்பால் உள்ள அண்டை நாட்டு விவகாரமாகவே நாம் படிக்கிறோம். அதன் ஒரு பகுதி ‘மலாய்’ என்ற சொல்லுக்கு அடியில் இந்நகரத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஒரே மக்களை இரு நாடுகள் இரு விதமாகப் பெயரிட்டு எண்ணியதால்தான் அது கண்ணுக்குப் படவில்லை என்பதே என் வாதம்.

‘இந்தோனீசியா’ என்ற சொல் பிறந்த கதையிலேயே இந்தப் பிரிவு தொடங்கிவிடுகிறது. 1850இல், ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் சிங்கப்பூரிலிருந்து நடத்திய ஆய்வேட்டில், ஜார்ஜ் வின்சர் ஏர்ல் இத்தீவுக்கூட்டத்து மக்களுக்கு இரண்டு பெயர்களை எண்ணிப் பார்த்தார்: ‘இந்துநீசியர்’, ‘மலாயுநீசியர்’. முன்னது இலங்கைக்கும் மாலத்தீவுக்கும்கூடப் பொருந்திவிடும் என்று தள்ளிவிட்டுப் பின்னதைத் தேர்ந்தார். அவர் தள்ளியதை லோகன் எடுத்து ‘இந்தோனீசியா’ ஆக்கினார். அன்று அது ஆய்வாளர் புழங்கிய புவியியல் சொல். தேசத்தின் பெயராக யாரும் அதை நினைக்கவில்லை. இருந்தாலும் ‘மலாய்’ என்று அழைப்பதா, ‘இந்தோனீசியா’ என்று அழைப்பதா என்ற கேள்வி இந்த ஊர் அச்சுத்தாளில்தான் முதலில் எழுந்தது என்பது சிங்கப்பூர் வாசகர் மறக்கக் கூடாத செய்தி.

அந்தக் காலத்திலேயே போயானியர் இங்கே வந்துவிட்டார்கள். 1849 கணக்கெடுப்பில் அவர்கள் 763 பேர். 1957இல் 22,000க்கு மேல். பாவியான் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடுவே, ஜாவாக் கடலில் உள்ள சிறு தீவு. இன்று கிழக்கு ஜாவாவின் கிரெசிக் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர்கள் பேச்சு மதுரா மொழியின் கிளை, மலாயின் கிளையல்ல. ஆண்கள் பொருள் தேடிக் கடல் கடப்பது அங்கே வாழ்க்கையின் ஒரு பருவம் போன்றது. அதனால் ‘பெண்கள் தீவு’ என்றே அதற்குப் பெயர் வழங்கியது. தீவிலிருந்து வெளியேறுவதை ஆராய்ந்து 1964இல் எழுதிய யாக்கோப் பிரெடன்பிரெக்ட் போன்றோர் இந்த வழக்கத்தைப் பண்பாடாகவே கண்டார்கள். அது சரியான பார்வை. வறுமையை மட்டும் காரணம் காட்டினால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஏன் கப்பல் ஏறினான் என்பது விளங்காது.

சிங்கப்பூரில் அவர்களைத் தாங்கியது பொண்டோக். கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, தீவின் ஒரே ஊர்க்காரர்கள் கூடி வாழ்ந்த இல்லம் அது. தலைவரை ‘லூரா’ என்று ஊர்த்தலைவரின் பட்டத்தாலேயே அழைத்தார்கள். புதிதாக வந்திறங்கியவனுக்குப் படுக்க இடம், வேலை கிடைக்கும்வரை சோறு, வேலைக்குச் சொல்லி வைக்க ஆள் எல்லாம் அங்கே கிடைத்தன. கல்யாணமும் சாவும் அந்தக் கூட்டத்தின் பொறுப்பு. சம்பளத்தில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குப் போனது. செட்டிநாட்டாரின் கிட்டங்கியை அறிந்த தமிழர்க்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. கிட்டங்கி மூலதனத்தைச் சுற்றி நின்றது, பொண்டோக் கூலியைச் சுற்றி நின்றது, அதுவே வேறுபாடு. குதிரை போய் மோட்டார் வந்தபோது குதிரைக்காரர் பலர் காரோட்டிகளானார்கள். 1934இல் போயானியர் தமக்கெனச் சங்கம் அமைத்தார்கள். குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போகப் போகப் பொண்டோக்குகள் காலியாயின. கடைசியாக மிஞ்சிய கிளப் ஸ்திரீட் 64ஆம் எண் பொண்டோக்கின் காலம் 2000இல் முடிந்தது.

பொண்டோக்கில் உறங்கியவன் தன்னை யார் என்று சொல்லியிருப்பான்? முதலில் ஊர்ப் பெயர், அடுத்துத் தீவு, அடுத்து முஸ்லிம். ‘இந்தோனீசியன்’ என்ற விடை 1928க்குப் பிறகே அவனுக்குக் கிடைத்திருக்க முடியும். அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள் ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். தாயகம் ஒன்று, தேசம் ஒன்று என்று முதல் இரண்டு உறுப்புகள் சொல்கின்றன. மூன்றாவதில் சொல்லாட்சி மாறுகிறது: மொழி ஒன்றே என்று அது சொல்லவில்லை, ஒற்றுமைக்குரிய மொழியாக இந்தோனீசிய மொழியை ஏற்கிறது. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். மதுரா மொழியும் ஜாவா மொழியும் சுந்தா மொழியும் வீட்டில் இருக்கலாம். அவற்றுக்கு மேலே எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. அந்தப் பொதுமொழியின் வேர் துறைமுகங்களில் புழங்கிய மலாய். எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த ஜாவானியர் தம் மொழியை அந்த இடத்தில் வைக்கவில்லை. 2010 கணக்கெடுப்பிலும் நாட்டு மக்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஜாவானியரே. தமிழ்நாட்டு மொழிப்போராட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த விட்டுக்கொடுத்தலின் எடை புரியும்.

இதற்கு ஒரு விலை இருந்தது. மலாய் மொழி தேசத்துக்குப் போனதும், ‘மலாய்’ என்ற பெயர் கிழக்குச் சுமத்ரா, ரியாவுத் தீவுகள் போன்ற இடங்களில் வாழும் ஓர் இனக்குழுவின் பெயராகச் சுருங்கியது. சிங்கப்பூரில் நடந்தது நேர்மாறு. இங்கே அந்தப் பெயர் விரிந்தது: ஜாவானியர், போயானியர், மினாங்கபாவ், பூகிஸ் எல்லாரும் அதற்குள் வந்தார்கள். அடையாள அட்டையில் ஒருவருக்குப் போயானியர் என்றோ ஜாவானியர் என்றோ பதிவாகியிருக்கலாம். ஆனால் வீட்டு ஒதுக்கீடும் பள்ளித் தாய்மொழியும் அரசியல் பிரதிநிதித்துவமும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு வகைக்குள்தான் ஓடுகின்றன. மதுரா மொழிக் கிளையொன்றைப் பேசிய பாட்டியின் பேரப்பிள்ளைக்குப் பள்ளி ‘தாய்மொழி’ என்று கற்றுத்தருவது மலாய். இந்தோனீசியாவில் பாவியான் மொழி தேசியமொழிக்குக் கீழே வீட்டுமொழியாக நிலைத்தது. இங்கே இனத்தின் பெயருக்குள் கரைந்தது.

இந்த இரு பாதைகளையும் ஒரே வாழ்க்கையில் காட்டுகிறவர் சுபிர் சைட். சுமத்ராவின் புக்கித்திங்கியில் 1907இல் பிறந்த மினாங்கபாவ் இசைஞர். இந்தோனீசியாவின் தேசியகீதமாகப் பின்னாளில் ஆன பாடல் இளைஞர் மாநாட்டில் முதன்முதலாக ஒலித்த அதே 1928இல் அவர் சிங்கப்பூருக்கு வந்தார். 1958இல் அவர் இயற்றி இசையமைத்த ‘மாஜூலா சிங்கப்பூரா’ 1959 டிசம்பரில் இந்நாட்டின் கீதமானது. சிங்கப்பூர் தன்னைத் தேசமாகப் பாடிக்கொள்ளும் குரலில் சுமத்ராக்காரர் ஒருவரின் மெட்டு இருக்கிறது. ‘இந்தோனீசியம்’ வெளியே இருக்கிறது என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மறுப்பு ஒன்றை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மலாய் அடையாளம் எப்போதுமே நெகிழ்வானது. தீவுக்கூட்டத்து முஸ்லிம்கள் ஊர் மாறும்போது மலாய்க்காரர் ஆனது பழைய வழக்கம். அரசு அதைத் திணிக்கவில்லை என்பார்கள். இதில் உண்மை உண்டு. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 39ஏ பிரிவே, பிறப்பால் யாராயினும், தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி அச்சமூகமும் ஏற்றுக்கொண்டவரை மலாய்ச் சமூகத்தவர் என்கிறது. இந்திய முஸ்லிம் தந்தைக்குப் பிறந்த ஹலிமா யாக்கோப் 2017இல் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கிய தேர்தலில் அதிபரானதும் அந்த வழியில்தான். ஆனால் பழைய நெகிழ்வில் ஒருவர் இரண்டாகவும் இருக்கலாம்: பொண்டோக்குக்குள் போயானியர், தெருவில் மலாய்க்காரர். வகைப்படுத்தும் முறை உள்ளே வர வழி விட்டது. இரண்டாக இருப்பதற்கு இடம் விடவில்லை. ‘இந்தியர்’ என்ற வகை இந்த நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டது. 1990களின் தொடக்கத்திலிருந்து இந்தி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, உருது ஆகியவற்றையும் பிள்ளைகள் இரண்டாம் மொழியாக எடுக்கலாம். மலையாளிக்கும் தெலுங்கருக்கும் அதுவும் கிட்டவில்லை. தமிழுக்கு அரசு மொழி என்ற கவசம் இருப்பதால், பக்கத்தில் ஒரு மொழி ஓசையில்லாமல் அடங்குவது எப்படி என்பதை நாம் உணர்ந்து பார்ப்பதில்லை. டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை குத்பா இன்றும் தமிழில் நடக்கிறது. அங்கே தோளோடு தோள் நின்றவர்களில் ஒரு சாராரின் மொழி மட்டும் மேடைக்கு வந்தது.

இந்தோனீசியப் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்வது கடினமான காலமும் ஒன்று வந்தது. 1963 முதல் 1966 வரை மலேசியாவை எதிர்த்து இந்தோனீசியா நடத்திய மோதலில் சிங்கப்பூரில் குண்டுகள் வெடித்தன. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டின் மெக்டோனல்ட் ஹவுஸில் வைத்த குண்டுக்கு இரண்டு பெண் ஊழியர்களும் ஒரு காரோட்டியும் பலியானார்கள். 33 பேர் காயமடைந்தார்கள். அதற்காக இந்தோனீசியக் கடற்படை வீரர்கள் உஸ்மானும் ஹருனும் 1968 அக்டோபர் 17 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தா அவர்களைத் தேசிய வீரர்களாக்கிக் கலிபாத்தா வீரர் கல்லறையில் அடக்கம் செய்தது. 1973இல் அங்கே சென்ற பிரதமர் லீ குவான் இயூ அவ்விருவரின் கல்லறைகளில் மலர் தூவியபோது உறவு சீரானது. 2014இல் இந்தோனீசியா ஒரு போர்க்கப்பலுக்கு அவ்விருவர் பெயரைச் சூட்டியதும் காயம் மீண்டும் திறந்தது; அக்கப்பலைத் தன் துறைமுகங்களுக்குள் விட மாட்டோம் என்றது சிங்கப்பூர். 2015 மார்ச் 10 அன்று, மெக்டோனல்ட் ஹவுஸுக்கு எதிரே, பலியானோருக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

இரு தேசங்களின் கதையாக இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். உஸ்மான் நடு ஜாவாவின் பூர்பாலிங்காக்காரர். ஹருன் பாவியான் தீவில் பிறந்தவர். டன்லப் ஸ்திரீட்டுக்கு முதலில் குதிரைக்காரர்களை அனுப்பிய அதே தீவு. அவர் குண்டு வைத்த கட்டடம் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவருடைய தீவுக்காரர்களின் பிள்ளைகள் அதே நகரில் மலாய்க்காரராக எண்ணப்பட்டு, சிங்கப்பூர்க் குடிமக்களாக வாழ்ந்தார்கள். பாவியான் விமான நிலையத்துக்கு இன்று ஹருன் தோஹிரின் பெயர். தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க விமானத்தில் போகும் சிங்கப்பூர்ப் போயானியர் அந்தப் பெயர்ப்பலகையின் கீழே, சிவப்புக் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி, இறங்குகிறார்.