ஆரஞ்ச் நகரத்து அரங்கமும் அதில் குடியிருந்தவர்களும்

தெற்கு பிரான்ஸில் ஆரஞ்ச் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது 'ஒராஞ்ஜ்'. பழத்துக்கும் ஊருக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே கிடையாது. ஊர்ப்பெயர் 'அரௌசியோ' என்ற பழைய பெயர் தேய்ந்து வந்தது. பழத்தின் பெயரோ அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய், கடைசியில் நம்ம நாரத்தங்காய் இருக்கிற திராவிட மொழிப் பக்கம் வந்து நிற்கிறது என்பது மொழியியலாளர்கள் பலருடைய கருத்து. இந்த ஊரைச் சொந்தம் கொண்டாடிய வம்சம்தான் பிற்பாடு ஹாலந்துக்கு ராஜ வம்சமானது. டச்சு கால்பந்து அணி ஆரஞ்சுச் சட்டை போடுவதற்கு மூலகாரணம் அதுதான்.

இதெல்லாம் கிளைக்கதை. நான் சொல்ல வந்தது அங்கிருக்கும் ரோமானிய நாடக அரங்கத்தைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாக லியோன் நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சும்மா இருக்கப் பிடிக்காமல் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அரங்கம் மாதிரியே தெரியாது. ஒரு சுவர், அவ்வளவுதான். 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். பெங்களூரில் நாம் பார்க்கும் பன்னிரண்டு மாடி அபார்ட்மெண்ட் ஒன்றை ஜன்னலே வைக்காமல் படுக்கை வாட்டில் நீட்டினால் எப்படி இருக்கும்? அப்படி. உச்சியில் வரிசையாகக் கல் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெயிலுக்குத் துணிப் பந்தல் விரிப்பதற்கான கம்பங்களை நிறுத்த அந்த ஏற்பாடு.

கட்டியது அகஸ்டஸ் காலத்தில், அதாவது சுமார் 2000 வருஷத்துக்கு முன். ரோமானியப் படையின் இரண்டாம் லீஜனில் பணி முடித்த வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் இது. நாடகம் பார்க்கக் கட்டணம் கிடையாது. வந்து உட்கார்ந்து நாலு பேரோடு சிரித்தால் போதும், நாளாவட்டத்தில் எல்லோரும் ரோமானியராகி விடுவார்கள் என்பது கணக்கு. ஆனால் இஷ்டத்துக்கு எங்கேயும் உட்கார்ந்துவிட முடியாது. கீழ்வரிசைக் கல்லில் 'EQ G III' என்று வெட்டியிருக்கிறது. 'குதிரைவீரர் வகுப்பினருக்கு மூன்று படிகள்' என்று அர்த்தம். நம்மூர்ச் சபாக்களில் முன்வரிசை நாற்காலியில் ஒட்டும் சீட்டுக்கு ரொம்பத் தூரத்துத் தாத்தா! அந்தஸ்து குறையக் குறைய மேலே ஏறிக்கொண்டே போகவேண்டும். மேடைச் சுவரின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, மூன்றரை மீட்டர் உயரத்துக்குச் சக்ரவர்த்தி சிலை.

கிறிஸ்தவம் அரச மதமான பிறகு நான்காம் நூற்றாண்டின் கடைசியில் நாடகம் நின்றது. வழிகாட்டிப் புத்தகங்களில் இதோடு ஒரு பெரிய தாவல் தாவி 19ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு என்னவோ அந்த நடுவிலிருக்கும் 1400 வருஷம்தான் சுவாரஸ்யம்.

மத்திய காலத்தில் அந்தப் பெரிய சுவர் ஊருக்குக் காவல் அரணாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்களுக்கும் புரோட்டஸ்டண்டுகளுக்கும் சண்டை மூண்டபோது ஜனங்கள் உள்ளே போய்ப் பதுங்கினார்கள். அப்படியே வீடு கட்டிக்கொண்டார்கள். மேடை இருந்த இடத்தில் அடுப்பு, பார்வையாளர் படிகள் இருந்த இடத்தில் தொட்டில். தலைமுறை தலைமுறையாக அரங்கத்துக்குள்ளேயே ஒரு குட்டி ஊர்.

அரங்கம் பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1620களில் பக்கத்துக் குன்றின்மேல் கோட்டை கட்டியபோது ஊரிலிருந்த மற்ற ரோமானியக் கட்டடங்களைப் பிரித்துக் கல் எடுத்தார்கள். யாருக்கும் உபயோகமில்லாத கட்டடம் கல்குவாரி ஆகிவிடும். அரணாகவும் வீட்டுச் சுவராகவும் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தை அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸுக்குத் தன் பழைய சின்னங்கள்மீது அக்கறை வந்தது. 1834ல் நினைவுச்சின்னங்களுக்கான ஆய்வாளராகப் பொறுப்பேற்றவர் ப்ராஸ்பர் மெரிமே, 'கார்மென்' கதையை எழுதிய அதே எழுத்தாளர். அந்த நூற்றாண்டில்தான் அரங்கத்துக்குள் இருந்த வீடுகளை எல்லாம் அகற்றி, சிதைந்த படிகளைத் திரும்பக் கட்டினார்கள். இன்று நாம் போய் உட்காரும் படிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்து வேலை. 1869ல் அங்கே கலைவிழா ஆரம்பித்தது. இன்றும் கோடைதோறும் ஓபரா நடக்கிறது. மெரிமேயின் கதையிலிருந்து பிறந்த 'கார்மென்' ஓபராவும் அதே சுவருக்கு முன்னால் பல தடவை மேடையேறியிருக்கிறது. 1981ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். 2006ல் மேடைக்குமேல் கண்ணாடியும் இரும்புமாக ஒரு கூரை போட்டார்கள்.

வீடுகளை எடுத்தது தப்பு என்று சொல்லமாட்டேன். எடுத்திருக்காவிட்டால் இந்த அரங்கமும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஆனால் சக்ரவர்த்தி பெயர் தெரிகிறது, லீஜன் நம்பர் தெரிகிறது. அத்தனை தலைமுறை உள்ளே சமைத்துச் சாப்பிட்டவர்களில் ஒருத்தர் பெயர்கூட என் கண்ணில் படவில்லை.

இது ஏதோ ஐரோப்பாவின் பழங்கதை இல்லை. பெங்களூரில் இருக்கிற நாமெல்லாம் ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹம்பிக்கு அழைத்துப் போகிறோம். விருபாட்சர் கோயிலுக்கு எதிரே உள்ள நீண்ட தேர்வீதியின் கல் மண்டபங்களிலும், அவற்றை ஒட்டியும் ஜனங்கள் வீடும் கடையுமாக வாழ்ந்தார்கள். 2011 ஜூலையில் அவற்றை இடித்து அவர்களை வெளியேற்றினார்கள். ஆக்கிரமிப்பு என்றது அரசு, பிழைப்பு என்றார்கள் அவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. விஜயநகரம் விழுந்தபிறகு அந்தக் கோயிலில் வழிபாடு தொடர்ந்தது, ஊர் என்று ஒன்று அங்கே இருந்ததால்தான். இன்று அந்த வீதி சுத்தமாக இருக்கிறது, போட்டோவுக்கு அழகாக இருக்கிறது. முன்பு பார்த்தவர்களுக்கு எது இல்லை என்று தெரியும்.

பதினோரு மாத அக்ரிமெண்ட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வாழ்கிறவன் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறைக்கிறதோ என்னவோ. கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு, மீட்டவனுக்குப் பலகை உண்டு. நடுவில் குடியிருந்து அதைக் காத்தவர்களுக்கும் அதே பலகையில் நாலு வரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அவிக்னான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கிருந்து ஆரஞ்சுக்கு ரயிலில் அரை மணிகூட ஆகாது. டிக்கெட் வாங்கி அரங்கத்தைப் பார்த்து முடித்ததும், பின்னால் இருக்கும் சேன்ட் யூட்ரோப் குன்றில் ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால் அரைவட்டப் படிகளும் சுவரும் அதற்கு அப்பால் ஊரின் ஓட்டுக் கூரைகளும் ஒரே பார்வையில் அடங்கும். அந்தக் கூரைகள் ஒரு காலத்தில் சுவருக்கு இந்தப் பக்கமும் இருந்தன என்று கூட வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.