கோப்பு ஜன்னலின் சரித்திரம்

வாளையாற்றிலிருந்து கோவிந்தாபுரம் வரை பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் கிடக்கும் ஊர்களிலும், தெற்கே மலையேறிச் சென்றால் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியார் என்று விரியும் இடுக்கியின் தேயிலைப் பிரதேசங்களிலும், 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தின் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்றும் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியிலேயே கற்கிறார்கள். கணினிப் பாடநூலும் அவர்களுக்குத் தமிழிலேயே கிடைக்கிறது. அப்பாடத்தில் எந்த வேலையைத் தொடங்கினாலும் முடித்தாலும், எந்தக் கோப்பு, எந்த இடம், என்ன பெயர் என்று விசாரிக்க ஒரு சிறு ஜன்னல் குறுக்கே வந்து நிற்கும்.

ஆதியில் இந்த ஜன்னலுக்குப் பொது உருவம் கிடையாது. 1984-ல் வந்த மெக்கின்டோஷ் அதைத் தன் இயங்குதளத்தின் அங்கமாகவே நிரலாளருக்கு அளித்தது; 1985-ல் வெளியான விண்டோஸோ, பெயர்களைப் பட்டியலில் நிரப்பிக் கொடுக்கும் உதவியோடு நின்றுவிட்டபடியால், பெட்டியையும் பொத்தான்களையும் அவரவரே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. இதனால் ஒரு மென்பொருளில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறிற்று. 1992-ல் விண்டோஸ் 3.1 பொதுவான ஜன்னலைக் கொணர்ந்த பிறகு, இன்ன வகைக் கோப்புகளைக் காட்டுக, இன்ன இடத்தில் தொடங்குக என்று நிரல் விண்ணப்பித்துக்கொண்டால் போதும் என்றாயிற்று. ஜன்னல் திருப்பித் தருவது கோப்பின் பெயரும் இருப்பிடமுமே. அதைத் திறந்து வாசிப்பது நிரலின் பொறுப்பு.

தமிழனுக்கு உண்டான சங்கடம் பெயரில் இருந்தது. அக்காலத்து விண்டோஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கும் மூன்றெழுத்து விகுதிக்கும் உட்பட்டது. பின்னர் நீண்ட பெயர்கள் அனுமதிக்கப்பட்டும், ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்த அந்நாட்களில், பிரியத்தோடு தமிழில் சூட்டிய பெயர், கணினியின் சொந்த எழுத்துருவையே அறிந்த இந்த ஜன்னலில் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகவே காட்சியளித்தது. யூனிகோடு என்னும் பொதுக் குறியேற்றமும், அதை ஏற்றுத் தமிழை ஆதரித்த விண்டோஸ் 2000-மும் வந்தே அவ்வவஸ்தை நீங்கலாயிற்று. கட்டற்ற மென்பொருளான லினக்ஸோ, கோப்புப் பெயரை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே கொள்வது. சாதாரணமாக அதன் எல்லை 255 பைட்டு. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதுமாயிருக்க, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்றைக் கொள்வதால், 85 குறிகளோடு தமிழ்ப் பெயர் நின்றுவிட வேண்டும். ‘கி’ என்பதே இரண்டு குறி. ஆயினும் பள்ளிப் பிள்ளைகளின் பெயரிடலுக்கு இது தாராளமே.

2001-ல் தொடங்கி, 2017-ல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்ற ஐ.டி.@ஸ்கூல் திட்டம் பள்ளிகளை லினக்ஸ் முதலான கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, எல்லைப்புறப் பிள்ளைகளுக்கும் ஜிடிகே என்னும் நிரல்தொகுதியின் ஜன்னலே வாய்த்தது. கோப்புறைகளை ஒரு பத்தியிலும் கோப்புகளை மற்றொரு பத்தியிலும் நிறுத்திய அதன் பழைய ஜன்னலை 2004-ல் வந்த 2.4 பதிப்பு ஒதுக்கிப் புதியதொன்றை வைத்தது. ஜன்னல் பொதுவாயிருப்பதன் லாபம், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா நிரலும் திருந்துவது; நஷ்டம், அவ்வோரிடத்தில் தாமதித்தால் எல்லாரும் காத்திருப்பது. படக் கோப்புகளைச் சிறுபடங்களாக விரித்துக் காட்டவேண்டும் என்று அதே 2004-ல் எழுந்த கோரிக்கை 2023 மார்ச்சில், ஜிடிகேயின் மேல் அமைந்த க்னோம் என்னும் மேசைத்தளத்தின் 44-ஆம் பதிப்பு வெளிவந்தபோதுதான் நிறைவேறிற்று. எழுத்தறியாச் சிறுவனும் கேட்கக்கூடிய ஒரு வசதிக்குப் பத்தொன்பது வருஷம் அதிகம் என்பதே என் அபிப்பிராயம்.

அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஜிடிகே பிறந்ததே ஜிம்ப் என்னும் பட மென்பொருளுக்காக. கேரளப் பாடநூல்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அதையே. புதிய வசதியோ நான்காம் ஜிடிகேக்கு உரியது. 2025 மார்ச்சில் வெளியான ஜிம்ப் 3.0 மூன்றாம் ஜிடிகேயை எட்டியதோடு நின்றுவிட்டது.